மீட்டருக்குப் பொட்டு வைத்த கதை

சந்தனமும் குங்குமமும் வைக்கக் கூடாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்று இருக்கும் என்பது முப்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட அன்று என் எதிரே ஒரு அரசாங்க ஆபீசர், ஒரு கல்லூரிப் பேராசிரியை, ஊர் ஜனத்தில் பாதி, குளக்கரையில் குடியிருக்கும் ஏழு கன்னிமார் என்று எல்லோரும் இருந்தார்கள். மனிதர்களில் அந்தப் பேராசிரியையைத் தவிர அத்தனை பேரும் சிரித்தார்கள். (கன்னிமாரும் சிரித்தார்களா என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

நான் எட்டாவது வரை படித்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். "மயிலாத்தா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சூப்பர்வைசர் சொல்வார். அந்தப் பெருமை வீடு வரைக்கும் கூடவே வந்ததால், என் கணவர் பழனிச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் நடக்கவே யோசிப்பார்.

எங்கள் ஊர் மங்கலம் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகவேண்டிய ஊர். ஊரைவிட எங்கள் குளம் பெரியது. யாரிடமும் பேசாமல் கரையைச் சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். (அப்படிப் பேசாமல் நடந்தவர் யாரும் இல்லை என்பதால் இது ஒரு உத்தேசக் கணக்குதான்.) இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், திருப்பூர்ப் பக்கம் யார் வாயைத் திறந்தாலும் சாயத் தண்ணீர்ப் பேச்சாக இருந்த காலத்தில், கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றிலிருந்து எஸ்தர் மேடம் வந்தார். எங்கள் மகளிர் குழுவை உட்கார வைத்து ஒரு வரைபடத்தை விரித்தார்.

"நடுக்குளத்துத் தண்ணிய யாரு தொடுறாங்க? மாடு குடிக்கிறது, குழந்தைங்க இறங்குறது, உங்க கிணத்துக்கு ஊறுறது எல்லாம் கரையோரத் தண்ணிதான். அதை வாராவாரம் பாக்கணும். சுத்தி எட்டு இடம், எட்டு பேர், ஒரே நேரம்" என்றார்.

ஒரே ஆள் சுற்றி வந்து எடுத்தால் கடைசி இடத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறித் தண்ணீரின் குணமே மாறிவிடுமாம். அதனால் எட்டுப் பேரும் ஒரே நொடியில் குனிய வேண்டும். அதற்கு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். மேடம் வரிசையாக வைத்திருந்த எட்டு வெள்ளைப் பாட்டில்களைப் பார்த்தேன். என் கை சும்மா இருக்கவில்லை. முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒரு பாட்டிலில் ஒட்டினேன்.

"ரெண்டு பாட்டில்லயும் ஆறுன்னு போட்டிருக்குதுங்க மேடம். ஏழாம் நம்பரக் காணோமுங்க."

அந்த நிமிடமே நான் கோ-ஆர்டினேட்டர் ஆனேன்.

பதவி வந்ததும் நான் நானாக இல்லை. பக்கத்து நூல் மில்லில் ஏழு மணிச் சங்கு ஊதும்போது எட்டுப் பேரும் முழங்கால் ஆழத்தில் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். கம்பெனியில் பண்டலுக்குக் கட்டும் அட்டையைப் பாட்டில் கழுத்தில் கட்டினேன். ஒருத்தி சங்கு ஊதி முடித்தபிறகு குனிந்தாள் என்று அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. (அவள் என் சொந்த நாத்தனார். அந்த இரண்டு வாரம் வீட்டில் நிம்மதி என்று கணவர் சொன்னார். யாருடைய நிம்மதி என்று நான் கேட்கவில்லை.)

மேடம் எங்களுக்கு வைத்த விதிகள் சுலபமானவை. பாட்டிலை அதே குளத்துத் தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். பாட்டிலுக்குள் வேறு எதுவும் படக் கூடாது. அப்புறம் அந்த மீட்டர். கைக்கு அடக்கமான பெட்டியிலிருந்து ஒயர் போய், நுனியில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதைத் தண்ணீரில் விட்டால் எண் காட்டும். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல தண்ணீர். மேலே ஏற ஏறச் சோடாக் காரம், சுண்ணாம்புக் காரம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

"இந்தக் குமிழைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும் மயில்" என்று சொல்லி, அதை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்.

பெரிய கஷ்டம் எங்கள் வடகரையில்தான். வடகரையில் இருபது வீடு. கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சள் பூத்து வந்தது. எங்கள் மாடு தொட்டியில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆனால் தண்ணீரில் நிறமே கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனு கொடுத்தோம். ஆபீசர் ஜீப்பில் வந்து பார்த்தார்.

"தண்ணி தெளிவா இருக்கேம்மா. சாயம் எங்கே?"

எங்கள் வாராந்திர நோட்டை நீட்டினேன். வடகரையின் ஐந்தாம் எண் சில வாரம் ஏறியும் சில வாரம் இறங்கியும் இருந்தது. ஆபீசர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார்.

"பனியன் கம்பெனி லேடீஸ் எழுதுன நோட்டை வெச்சு நான் யார் கதவையும் தட்ட முடியாதும்மா. ஒருநாள் என் கண்ணு முன்னாடி எடுங்க. இந்த இடம்தான்னு தெளிவாத் தெரிஞ்சா நான் பாக்கறேன். தெரியலேன்னா மனுவை முடிச்சு வெச்சிடுவேன்."

விஜயதசமிக்கு அடுத்த நாள் என்று முடிவானது. ஆபீசர் வந்துபோன அன்று இரவு சாப்பிடும்போது கணவர் மஞ்சள் சோற்றைப் பிசைந்தபடி, "மனுவ முடிச்சு வெச்சாங்கன்னா இந்த ஊட்டையும் பூட்டி வெச்சுட்டு, திருப்பூர் ராயபுரத்துல உங்கண்ணன் ஊட்டு மொட்டை மாடிக்குத்தான் போகோணும்" என்றார். இருபது வீட்டுக்கும் அதுதான் நிலைமை. சில வீட்டுக்குப் போக அண்ணன் வீடும் இல்லை.

அந்தக் கவலையில்தான் நான் சாமியைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினில் ஆரம்பித்து, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், வாசல் கேட், முதலாளியின் கால்குலேட்டர் வரை பொட்டு வைக்காமல் விடமாட்டோம். வீட்டிலும் அப்படியே. கணவரின் தறி ஸ்பேனர், சைக்கிள், அரிவாள்மணை, மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டுத் திரும்பினால், மூலையில் பாட்டில் பெட்டியும் மீட்டரும் அநாதையாக உட்கார்ந்திருந்தன. நூல் வெட்டும் கத்தரிக்கே பொட்டு என்றால், குடிக்கிற தண்ணீரைக் காப்பாற்ற வந்தவற்றுக்கு இல்லையா?

குண்டாவில் மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்தேன். எட்டுப் பாட்டிலையும் உள்ளே வெளியே முக்கி எடுத்து முறத்தில் கவிழ்த்தேன். மீட்டரின் பெட்டிக்குச் சந்தனப் பட்டை போட்டேன். அப்புறம் ஒரு யோசனை. இதன் உயிர் பெட்டியிலா இருக்கிறது? மூடியைத் திருகினேன். கண்ணாடிக் குமிழ் பளபளவென்று இருந்தது. கண் மாதிரிப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா? குழைத்த சந்தனத்தைக் குமிழ் மறையும்படி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம் புள்ளே, அது மேடத்துப் பொருளாச்சே?"

"அவங்க ஏசுசாமி கும்புடறவங்க. அவங்க ஊட்டுல இதுக்கெல்லாம் யாரு பொட்டு வெப்பாங்க? நாமதானுங்க வெக்கோணும்."

"நீ சொல்றதும் நாயந்தான்" என்று அவரும் ஒரு கற்பூரத்தைப் பொருத்திக் காட்டினார். (இதை எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன். குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு.)

பூஜையில் வைத்ததை இரண்டு நாள் தொடக்கூடாது அல்லவா? சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

அந்த நாள் விடிந்தது. எட்டுப் பேரையும் கன்னிமார் கோயில் முன்னால் நிறுத்திப் பாட்டிலைக் கொடுத்தேன். வடகரை ஐந்தாம் எண் தங்கபுஷ்பத்தினுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்தாள். என் கம்பெனியில்தான், தைப்பவர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப்பு வேலை.

"எக்கா, உள்ள மஞ்சளா இருக்கே. மூணு தடவ அலசிருவமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படிக்காதவள் மாதிரி நான்தான் பதில் சொன்னேன்.

"இன்னைக்கு யாரும் அலசக் கூடாது. சாமி மஞ்சளக் கீழ கொட்டுனா கால்ல மிதிபடும். அப்படியே மோந்துட்டு வாங்க."

"நீங்க சொன்னாச் சரிக்கா. பெறவு என்னையச் சொல்லப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கு ஊதியது. எட்டுப் பேரும் குனிந்தார்கள். ஆபீசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். என் வாழ்க்கையில் நான் உயரமாக இருந்த நிமிடம் அதுதான். அதற்கடுத்த நிமிடம் எஸ்தர் மேடம் மீட்டரின் மூடியைத் திருகினார்.

"மயில்... இது என்ன?"

"சந்தனமுங்க மேடம். ஒரிஜினல்."

மேடம் அதைக் கழுவவென்று கேனில் கொண்டுவந்திருந்த சுத்தமான பேட்டரித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். சந்தனம் எங்கள் பக்தியைப் போலவே உறுதியாக இருந்தது. ஒருவழியாகப் பெயர்த்து எடுத்துத் தண்ணீரில் விட்டால், எண் மூன்றுக்கு வந்தது, பதினொன்றுக்கு ஓடியது, ஐந்தில் நின்று யோசித்தது, மறுபடியும் ஓடியது.

"இதுல எந்த நம்பரை எழுதிக்கட்டும்?" என்று ஆபீசர் கேட்டார்.

அதற்குள் பக்கத்துக் கரைக்காரிகள் பாட்டிலோடு வர ஆரம்பித்தார்கள். ஒன்றாம் எண் மஞ்சள். இரண்டாம் எண் மஞ்சள். எட்டு, ஏழு, மூன்று, எல்லாம் கோயில் திருவிழாவில் மாமன் மேல் ஊற்றும் மஞ்சள் நீர் போல இருந்தன. ஆபீசர் ஒரு பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மா, இது குளத்துத் தண்ணியா, கோயில் தீர்த்தமா?"

கரையில் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் கணவரும் சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் இருமினார். மேடம் கன்னிமார் கோயில் படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷ வேலை மயில்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆபீசர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மனு முடியப்போகிற சத்தம் அதுதான். எனக்கு அந்த இருபது வீடும் வரிசையாகப் பூட்டிக் கிடப்பது போலக் கண்ணுக்குள் வந்தது. பனியனில் எத்தனையோ தப்பைக் கண்டுபிடித்தவள், என் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன். கண்ணை மூடினேன். 'தாயே, நான் பண்ணுன கோமாளித்தனத்துக்கு எனக்குத் தண்டனை குடு. வடகரைக்குக் குடுக்காத' என்று கேட்டுக்கொண்டேன். வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை.

கண்ணைத் திறந்தால், தூரத்தில் தங்கபுஷ்பம் ஓடி வருகிறாள். வடகரை தூரம் என்பதால் அவள்தான் கடைசி. பாட்டிலைப் பாம்பைப் பிடித்தது போலக் கையை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"எக்கா! ரத்தம்க்கா! நான் ஒண்ணுமே பண்ணலக்கா!"

பாட்டிலுக்குள் தண்ணீர் செக்கச் செவேலென்று இருந்தது. கூட்டத்தின் சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் கன்னிமாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆபீசருக்கு எரிச்சல். "இதுல குங்குமத்தைக் கொட்டிட்டீங்களா?"

"சாமி சத்தியமா இல்லீங்க சார்" என்றேன். சொல்லும்போதே அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நிறத்தைத் தெரியும். சொந்தத்தில் எத்தனை கல்யாணத்துக்கு இந்தக் கையால் கலக்கியிருக்கிறேன்!

"சார், இது ஆரத்திங்க சார்!"

"என்னது?"

"ஆரத்தி எப்படிங்க கரைப்போம்? மஞ்சத் தண்ணியில துளி சுண்ணாம்பு. போட்டதும் செவந்துக்கும். இன்னைக்கு எல்லாப் பாட்டில்லயும் நான் போட்ட மஞ்சள் இருக்குது. ஏழு பாட்டிலு செவக்கலீங்க. இது ஒண்ணுதான் செவந்திருக்குது. அப்ப சுண்ணாம்பாட்டக் காரம் அந்தக் கரைத் தண்ணியில மட்டுந்தானுங்களே இருக்கோணும்?"

படியில் உட்கார்ந்திருந்த எஸ்தர் மேடம் எழுந்த வேகத்தில் பேட்டரித் தண்ணீர்க் கேன் உருண்டது. "சார், அவங்க சொல்றது சரி! மஞ்சள் காரத்தைக் காட்டும். பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே இருக்கு. மயில், நீங்க அலசாம எடுத்ததுக்கு உங்களை நான் அப்புறம் திட்டறேன்."

ஆபீசர் லேசில் நம்புகிறவர் இல்லை. அவரே நடந்து, மளிகையும் விற்கும் டீக்கடைக்குப் போனார். பிரிக்காத மஞ்சள்தூள் பாக்கெட் ஒன்றும், பேப்பர் கப் ஒரு அடுக்கும் வாங்கினார். "யாரும் கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் குளத்தைச் சுற்றிப் போய் எட்டு இடத்திலும் அவரே தண்ணீர் மொண்டு, அவரே தூள் போட்டார். நாங்கள் கரையோடு பின்னால் ஓடினோம். ஏழு கப் மஞ்சளாகவே இருந்தது. வடகரையில் தூள் விழுந்ததும் கப் சிவந்தது. என் கையில் சாமி மஞ்சள் இருந்தது, அவர் கையில் கடை மஞ்சள். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

"சரிம்மா. கரை இதுதான். ஆனா இந்தக் கரையில எங்கேயிருந்து?" என்றார்.

அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. ஒரு துணியில் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவது போலத் தேட வேண்டியதுதானே? "பத்தடிக்கு ஒரு கப் போடுங்க சார்" என்றேன். அவர் மொள்ள, மேடம் தூள் போட, நான் நிறம் பார்க்க, தங்கபுஷ்பம் கப்பைத் தூக்கிக்கொண்டு வர, கிழக்கே போகப் போகச் சிவப்பு வெளுத்தது. திரும்பினோம். மேற்கே போகப் போக ஏறியது. ஒரு வேலிமுள் புதர் பக்கத்தில் கப், கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டையே தோற்கடித்தது. இடுப்பிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, பக்கத்துக் கல்லில் ஒட்டினேன். அம்பு புதரைக் காட்டியது.

ஆபீசர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். விரலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கே!" அவர் கால் எதிலோ இடறியது. சேற்றுக்குள் புதைத்த கறுப்பு பைப். பிடித்து இழுத்துக்கொண்டே போனால், தென்னந்தோப்புக்குப் பின்னால் போர்டு இல்லாத ஒரு தகர ஷெட். உள்ளே துணி வெளுக்கும் பிளீச்சிங் தொட்டிகள். சாயம் போடாத இடம். அதனால்தான் தண்ணீரில் நிறமே இல்லை, காரம் மட்டும் இருந்தது. பூஜை லீவு இரண்டு நாள் மூடிக் கிடந்து, அன்று விடியலில் பழைய தொட்டியைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

ஆபீசர் தன்னுடைய பாட்டில்களில் தண்ணீர் பிடித்துச் சீல் வைத்தார். "உங்க மஞ்சள் எங்க ஆபீஸ்ல செல்லாதும்மா. லேப்ல முறையாப் பாக்கணும். ஆனா நான் எங்கே வந்து நிக்கணும்னு அதுதான் சொல்லிடுச்சு" என்றார். மூடிய பேனாவைத் திறந்து எழுதினார். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்க இருபது வீட்டு ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜீப் கிளம்பும்போது வடகரைப் பெண்கள் விடவில்லை. தாம்பாளத்தில் உண்மையான ஆரத்தியைக் கரைத்து அவருக்குச் சுற்றினார்கள். அவர் தட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இது எந்தக் கரைத் தண்ணிங்க?" என்று கேட்டார். இந்த முறை சிரித்த சிரிப்பில் யாரும் என்னை மட்டும் பார்த்துச் சிரிக்கவில்லை.

லேப் தாள் வந்தது. பைப்பைத் தோண்டி எடுத்தார்கள். ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. கிணறு உடனே மாறவில்லை. அடுத்த வருடம் நல்ல மழை பெய்த பிறகு ஒருநாள் சோறு வடித்தேன், மல்லிகைப்பூவாட்டம் வெள்ளையாக இருந்தது. தட்டில் போட்டு முதலில் கன்னிமாருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கணவருக்குப் போட்டேன். மேடம் இது வேதியியல் என்கிறார். நான் அதையும் நம்புகிறேன், கன்னிமாரையும் நம்புகிறேன். மஞ்சளைப் படைத்தது யார் என்று கேட்டால் மேடமே மேலே கையைக் காட்டுகிறார்.

புது மீட்டர் வந்தபோது பெட்டி மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பொட்டு பெட்டிக்கு மட்டும்.' இன்றும் ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால், கணவர் தன் செல்போனையும் ரத்தக்கொதிப்பு பார்க்கும் மெஷினையும் மடியில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் ஆரத்திக்கும் பெயர் மாறிவிட்டது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நிற்க, நான் உள்ளேயிருந்து தட்டோடு வர, "வழி விடுங்க, அஞ்சாம் நம்பர் வருது!" என்று கணவர் சத்தம் போட்டார். முன்வரிசையில் எஸ்தர் மேடமும் தங்கபுஷ்பமும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

குண்டடத்துச் சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, அப்ப மொதல் நாலு நம்பரு எங்கீங்க?" என்று பயத்தோடு கேட்டார். ஏதோ சீர் முறை தவறிப்போனது என்று நினைத்துவிட்டார் போல. சந்தேகத்தோடு ஒரு சம்பந்தியை நிற்க வைக்கலாமா? தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்தேன். கற்பூரம் ஒருமுறை அணைந்தது, இன்னொன்று வைத்தார்கள். மாப்பிள்ளை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் உள்ளேயிருந்து கத்தினார்.

நான் பதறவில்லை. நல்ல நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதே பைப்பைக் கண்டுபிடித்துவிட்டேன்.